ஏகாதசிப் பசை

அவர் துப்பினால் அன்றைக்கு வேலை இல்லை. முழுங்கினால் உண்டு.

பரவை மார்க்கெட்டுக்குப் பின்னால் தகரம் போட்ட ஒரு கொட்டகை. மகளிர் குழுப் பெண்கள் நாங்கள் அதில் உட்கார்ந்து பழைய பேப்பரைச் சுருட்டிப் பென்சில் செய்தோம். மரம் கிடையாது. பெயிண்ட் கிடையாது. நடுவில் கறுப்புக் குச்சி, சுற்றிலும் பேப்பர், ஒட்டுவதற்கு மைதாப் பசை. ரெண்டாயிரம் பிறந்து மூன்று நான்கு வருடம் ஆகியிருக்கும். ஊர் முழுக்கப் பிளாஸ்டிக் வந்துவிட்டது. ஒன்றிரண்டு பள்ளிக்கூடங்கள் அது வேண்டாம் என்று சொல்ல ஆரம்பித்திருந்தன. அதனால் எங்களுக்கு வேலை.

காலையில் பசை காய்ச்சி இறக்கியதும் குழுத் தலைவி வருவார். பேர் வேண்டாம். எல்லோரும் பென்சிலக்கா என்றுதான் கூப்பிடுவோம். ஒல்லியான ஆள். பெரிய குங்குமம். சேலைத் தலைப்பை இடுப்பில் சொருகிக்கொண்டு சட்டிக்குப் பக்கத்தில் குந்துவார். சுண்டுவிரலைப் பசைக்குள் விட்டு எடுத்து வாயில் வைப்பார். கண்ணை மூடிக்கொள்வார்.

அதுவரை எங்களில் யாரும் பேச மாட்டோம். வெளியே வெங்காய லாரி ஹாரன் அடிக்கும். உள்ளே மூச்சுச் சத்தம்தான்.  தப்பு எதுவும் செய்திருக்க மாட்டேன், இருந்தாலும் அவர் தொண்டையையே பார்த்துக்கொண்டிருப்பேன். 

தொண்டை அசைந்தால் பிழைத்தோம். "ம். உருட்டுங்க" என்பார்.

சில நாள் எழுந்து வெளியே போய்த் துப்புவார். மைதா பழசாக இருக்கும். அல்லது சட்டி கழுவிய சோப்பு சரியாகப் போயிருக்காது. "இன்னைக்கு வேல இல்ல. எல்லாரும் வீட்டுக்குப் போங்க." அவ்வளவுதான். திட்ட மாட்டார். சட்டியைக் கவிழ்த்துவிட்டு அவரும் போய்விடுவார். அன்றைய கூலி போச்சு.

பாண்டியம்மா என்று ஒருத்தி எங்களோடு இருந்தாள். வாய் சும்மா இருக்காது. "மாப்பிள்ளை வீட்டுக்காரங்க பலகாரம் ருசி பாக்குற மாதிரில்ல பாக்குது. பென்சிலத் திங்கவா போறாக?" என்று ஒருநாள் கேட்டுவிட்டாள்.

அக்கா காதில் விழுந்தது. "ஆமா. திங்கத்தான் போறாக" என்றார்.

நான் அங்கே சேர்ந்ததே பசையால்தான். என் வீட்டுக்காரர் வால்போஸ்டர் ஒட்டுகிறவர். சினிமா, கட்சி, காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி, எதுவானாலும் ஒட்டுவார். மதுரையில் அந்த வேலைக்குப் பஞ்சம் இல்லை. சாயங்காலம் அவருக்குப் பசை காய்ச்சிக் கொடுப்பது நான். கட்டி தட்டாமல் காய்ச்சுவேன் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அக்கா கூப்பிட்டு அனுப்பினார்.

முதல் நாள் அவர் கேட்டது ஒரே கேள்வி.

"துத்தம் போடுவியா?"

"வால்போஸ்டர் பசைக்குப் போடுவோம்க்கா. இல்லாட்டி மாடு போஸ்டரக் கிழிச்சுத் தின்னுரும்."

மயில்துத்தம் என்பது நீலக் கல். பொடித்து ஒரு கை போட்டால் பூச்சி வராது, மாடு கடிக்காது. வாயில் போனால் குடலைப் புரட்டும். கூடப் போனால் ஆளையே கொண்டுபோய்விடும். வீட்டில் நான் காய்ச்சி இறக்கிய பசையில் அதைத் தூவுவது என் வீட்டுக்காரர்; பொட்டலம் எப்போதும் அவர் இடுப்பில் இருக்கும்.

"இங்க போடக் கூடாது. இங்க திங்குறதுக்குத்தான் ஆள் இருக்கு" என்றார்.

துத்தத்துக்குப் பதில் வேப்பிலை. இலையை வேகவைத்து, அந்தத் தண்ணீரில்தான் மைதாவைக் கரைப்போம். பசை லேசாகப் பச்சை அடிக்கும், கசக்கும். பூச்சி அதிகம் வராது. பிள்ளைகளும் ஒரு தடவை கடித்தால் மறுதடவை யோசிக்கும். அந்தக் கசப்பைத்தான் அக்கா தினமும் முழுங்கினார். மீந்த பசையைச் சாயங்காலம் வாசலில் கொட்டுவோம். மார்க்கெட்டில் திரியும் ஒரு செவலைப் பசு வந்து நக்கிவிட்டுப் போகும். அது நக்குவதை அக்கா நின்று பார்ப்பார். அவருக்கு அது ரெண்டாவது சாட்சி.

ரிங் ரோட்டுப் பக்கம் ஒரு சின்னப் பள்ளிக்கூடம் எங்களுக்கு ஆர்டர் கொடுத்தது. அதை நடத்திய மேடம் நல்ல மாதிரி. பிளாஸ்டிக் இல்லாத சாமான்தான் பிள்ளைகளுக்கு வேண்டும் என்றார். பென்சில் நாங்கள் செய்வோம். ரப்பர், ஷார்ப்னர், ஸ்கேல், பை எல்லாம் கடையில் பார்த்து எடுக்க வேண்டும். அதற்கு அக்காவைக் கூப்பிட்டார். தூக்கிவர நானும் போனேன்.

கோவிலுக்குப் பக்கத்துச் சந்தில் மொத்தக் கடை. அக்கா ஸ்டூலில் உட்கார்ந்தார். மேடம் கண்ணால் பார்த்தார். அக்கா வாயால் பார்த்தார். மர ஸ்கேலை நக்கினார். துணிப் பையை எச்சில் தொட்டுத் தேய்த்து, சாயம் சேலையில் ஒட்டுகிறதா என்று பார்த்தார். பளபளவென்று சிவப்புப் பெயிண்ட் அடித்த பென்சில் ஒன்றை எடுத்து நறுக்கென்று கடித்தார்.

கடைக்காரருக்குச் சிரிப்பு. "அக்கா, அது பென்சில்க்கா. கரும்பு இல்ல."

"எனக்குத் தெரியும். உங்க பிள்ளைக்குத் தெரியுமா?"

சிரிப்பு நின்றுவிட்டது. அக்கா வாயிலிருந்து பெயிண்ட் துணுக்கை எடுத்து உள்ளங்கையில் வைத்து அவரிடம் நீட்டினார். "பாருங்க, உரிஞ்சு வருது. இது எங்க போகும்?"

மாம்பழம் மாதிரி ரப்பர் அப்போது வந்திருந்தது. மாம்பழ வாசனையும் அடிக்கும். மேடத்துக்கே அது பிடித்திருந்தது.

"இது வேணாம் மேடம்."

"ஏன்? அழகா இருக்கே."

"வாசனை வந்தா வாய்க்குப் போகும். இத எவனும் அழிக்க வாங்க மாட்டான்."

கடைசியில் வாசனை இல்லாத வெள்ளை ரப்பரும், இரும்பு ஷார்ப்னரும், சாயம் போடாத காடாத் துணிப் பையும் எடுத்தோம். பார்க்க ஒன்றும் இருக்காது. பிள்ளைகள் முகம் சுளிக்கும். "சுளிக்கட்டும்" என்றார் அக்கா.

திரும்பி வந்ததும் பாண்டியம்மா விடவில்லை. "பெயிண்ட்ல அப்படி என்னக்கா இருக்கு?"

"ஈயம் இருக்கும்னு மேடம் சொல்றாங்க."

"ஈயமா? எங்க வீட்ல ரசமே ஈயச் சொம்புலதான வைப்போம். அதுக்குன்னு ஒரு வாசமே இருக்கும்."

"அது வேற ஈயம். இது வேற ஈயம்."

"எது எதுன்னு எப்படிக்கா தெரியும்?"

அக்கா தூக்கி வந்த பையை ஓரமாக வைத்தார். பிறகு, "தெரியாது. அதான் பயமா இருக்கு" என்றார்.

அவருக்கு அதிகம் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அன்றைக்குத்தான் புரிந்தது. அவருக்கு இருந்தது படிப்பு இல்லை, பயம். அதன் பிறகு எனக்கும் ஒட்டிக்கொண்டது. வீட்டில் ஒரு பொருள் வாங்கினால் முதலில் என் மகள் பாப்பாவின் வாய்தான் ஞாபகம் வரும்.

அவளுக்கு அப்போது ஐந்து வயது. எதையும் கடிப்பாள். சிலேட்டுக் குச்சி, பாவாடை நாடா, பென்சில். நாங்கள் கோணலாகச் சுருட்டிய பென்சில்களைக் குழு வீட்டுக்கு எடுத்துப் போகச் சொல்லும். கோணல் என்றுதான் அதற்குப் பேர். மற்றவர்கள் வீட்டில் கைக்குழந்தையோ, கல்யாணத்துக்கு நிற்கும் பிள்ளையோ. எனவே கோணல் எல்லாம் என் பைக்கு வரும். வேப்பிலைக் கசப்பு அவளுக்குப் பழகிப்போயிற்று. முனையைச் சப்பிக்கொண்டே கோடு போடுவாள்.

கொட்டகையில் நடப்பதை வீட்டில் சொல்லுவேன். அதை அவள் விளையாட்டாக்கிவிட்டாள். என் சேலையை இடுப்பில் சொருகிக்கொண்டு குந்துவாள். எதையாவது வாயில் வைத்துக் கண்ணை மூடுவாள். முழுங்குவது மாதிரி செய்து, "ம். உருட்டுங்க" என்பாள். என் வீட்டுக்காரர் விழுந்து விழுந்து சிரிப்பார். "உங்க பென்சிலக்கா நம்ம வீட்லயும் ஒண்ணு இருக்கு" என்பார்.

அக்கா சௌராஷ்டிரா வீட்டுப் பெண். தெற்குவாசல் பக்கம் சாயப்பட்டறைச் சந்தில் பிறந்தவர். பெருமாள் பக்தி அதிகம். ஏகாதசி என்றால் பச்சைத் தண்ணீர் வாயில் படாது. எச்சிலைக்கூட முழுங்க மாட்டார் என்று பாண்டியம்மா சொல்வாள். அதனால் ஏகாதசி அன்று பசை காய்ச்ச மாட்டோம். பென்சிலை நறுக்குவது, உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது, பெட்டியில் அடுக்குவது என்று மற்ற வேலை பார்ப்போம். அது எழுதாத சட்டம்.

அந்தப் புரட்டாசியில் சட்டம் உடைந்தது. காலாண்டு லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறக்கும் அன்று எல்லாப் பிள்ளை கையிலும் புதுப் பென்சில் இருக்க வேண்டும் என்று மேடம் சொல்லிவிட்டார். நடுவில் மழை பிடித்துக்கொண்டது. சுருட்டியது காயவில்லை. வெயில் வந்த அன்று ஏகாதசி.

அதற்கு முந்தின நாள் நான் வீட்டில் கஞ்சி வடிக்கும்போது கையில் கொட்டிக்கொண்டேன். வலது கை பூராவும் கொப்புளம். பசை கிண்டும் துடுப்பைப் பிடிக்க முடியாது.

"நான் வந்து காச்சித் தாரேன். பசைதான?" என்றார் என் வீட்டுக்காரர்.

அக்காவிடம் கேட்டேன். "துத்தம் போடக் கூடாதுன்னு சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்க்கா. அவருக்கே தெரியும்."

சொல்லியும் இருந்தேன். அவரும் தலையாட்டினார்.

தன்னுடைய பெரிய சட்டியைக் கொண்டுவந்து காய்ச்சினார். அக்கா நெற்றியில் நாமத்தோடு வந்து சட்டிக்கு முன்னால் குந்தினார். விரலை நீட்டினார். பிறகு மடக்கிக்கொண்டார். குனிந்து மோந்து பார்த்தார். வேப்பிலை வாசனை. பச்சை நிறம். எல்லாம் வழக்கம் போல.

உதட்டைத் திறக்காமல் கையால் உருட்டுங்கள் என்று காட்டினார்.

அன்றைக்கு மூட்டை மூட்டையாகச் சுருட்டினோம்; பசுவுக்குக் கொட்டப் பசை மிஞ்சவில்லை. மறுநாள் பூராவும் காய்ந்தது. சாயங்காலம் கோணலைப் பொறுக்கி என் பையில் போட்டுக்கொண்டேன். பாப்பாவுக்கு லீவு. வரைந்து தள்ளுவாள்.

அதற்கு அடுத்த நாள் காலை என் வீட்டுக்காரர் சட்டியை எடுத்துப் போக வந்தார். பாப்பாவை எதிர்வீட்டு மதினியிடம் விட்டுவிட்டு நான் முன்னாலேயே வந்திருந்தேன். சட்டியில் பசை பொருக்காகக் காய்ந்திருந்தது. வாசலில் கவிழ்த்து, தண்ணீர் தெளித்து, கரண்டியால் சுரண்டினார். செவலைப் பசு வந்தது. குனிந்தது. மோந்தது. மூக்கைச் சிலுப்பிக்கொண்டு பின்னால் நகர்ந்தது.

என் வீட்டுக்காரர் சிரித்தார். "பாத்தீங்களாக்கா? நம்ம பசைன்னா மாடுகூட மோந்து பாத்துட்டு ஓடிரும்."

அக்கா பெட்டி மடித்துக்கொண்டிருந்தார். கை நின்றது. "ஏன்?"

"அதான் துத்தம்..."

பாதியில் நிறுத்தினார். தன் வலது கையைத் திருப்பிப் பார்த்தார். "போடலையே. நான் போடலையே..." என்றார். பிறகு இடுப்பில் சொருகியிருந்த துத்தப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். குறைந்திருந்தது. முகம் செத்துப்போயிற்று. "கை தானாப் போட்டுருச்சுக்கா" என்றார்.

அக்கா காய்ந்த பென்சில் ஒன்றை எடுத்துக் கடித்தார். கண்ணை மூடவில்லை. என்னையே பார்த்தார். துப்பவும் இல்லை, முழுங்கவும் இல்லை.

"கோணல் எங்க?" என்றார்.

நான் அதற்குள் வாசலுக்கு ஓடியிருந்தேன். பாண்டியம்மாதான் சொன்னாள். "அவ வீட்ல இருக்குக்கா. பாப்பாகிட்ட."

மார்க்கெட் வாசலில் நின்ற ஆட்டோவில் ஏறினோம். எங்கள் வீடு தெப்பக்குளத்துக்குப் பின்னால். ஊரையே கடக்க வேண்டும். செல்போன் எங்களிடம் ஏது. மதினி வீட்டிலும் போன் இல்லை.

"என்னக்கா, பிரசவமா?" என்றார் ஆட்டோக்காரர்.

"பேசாம ஓட்டுங்கண்ணே" என்றார் என் வீட்டுக்காரர். 

புரட்டாசிக் கூட்டம். சிக்னலுக்குச் சிக்னல் நின்றது. நான் கொப்புளக் கையால் கம்பியைப் பிடித்திருந்தேன். வலித்ததா என்று ஞாபகம் இல்லை. பாப்பா காலையில் எழுந்ததும் பென்சில் கேட்பாள். மதினி எடுத்துக் கொடுப்பாள். சப்பிக்கொண்டே கோடு போடுவாள். அது மட்டும் திரும்பத் திரும்ப ஓடியது.

பக்கத்தில் ஏதோ அரைபடுகிற சத்தம். திரும்பினேன். அக்கா கையில் அந்தப் பென்சில். மென்றுகொண்டிருந்தார். கறுப்புக் குச்சியை உருவிப் போட்டுவிட்டு பேப்பரைப் பிய்த்துப் பிய்த்து மென்று முழுங்கினார்.

என் வீட்டுக்காரர் பதறினார். "அக்கா, துப்புங்க. வெஷம்க்கா அது."

"எம்புட்டு வெஷம்?"

அவர் கை இடுப்புப் பொட்டலத்துக்குப் போனது.

"எம்புட்டு போட்ட?"

"கையில வந்த அளவுக்கு."

"அப்ப எம்புட்டு தின்னா என்ன ஆகும்னு தெரியணும்ல. ஆஸ்பத்திரில கேப்பாங்கள்ல."

மிச்சத்தையும் வாயில் போட்டுக்கொண்டார். உதட்டோரம் நீலம் கட்டியிருந்தது. நான் பார்க்காமல் ரோட்டைப் பார்த்தேன்.

வைகைப் பாலத்துக்கு ஏறும்போது சொன்னார். என்னிடம் சொன்ன மாதிரி இல்லை. "எங்க பட்டறையில சாயம் பிடிக்கத் துத்தத் தண்ணி கரைச்சு வச்சிருப்பாங்க. நீலமா, பளிச்சுன்னு இருக்கும். எந் தம்பி கலர்னு நினைச்சுட்டான்."

எங்கள் ஊரில் கலர் என்றால் சாயமும்தான். கடையில் பாட்டிலில் குடிக்கிற இனிப்புச் சோடாவும்தான்.

அப்படி ஒரு தம்பியை நாங்கள் யாரும் பார்த்ததில்லை. 

பாலத்தின் நடுவில் அவருக்குக் குடலைப் புரட்டியது. ஆட்டோவுக்கு வெளியே தலையை நீட்டி வாந்தி எடுத்தார். வாயைத் துடைத்துக்கொண்டு, "எனக்கே ஒரு பென்சிலுக்கு வந்துருச்சு" என்றார். அவர்கள் வீட்டுப் பாஷையில் பெருமாளை ஏதோ கேட்டார். வேண்டுவது மாதிரி இல்லை. சண்டை போடுவது மாதிரி இருந்தது.

தெருமுனையில் இறங்கி ஓடினோம். மதினி வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். "என்னடி இந்நேரத்துல?"

"பாப்பா எங்க?"

"உள்ள தூங்குறா. காலையில இருந்து என்னமோ வெளையாண்டா. இப்பத்தான் படுத்தா."

தரையில் குப்புறக் கிடந்தாள். வாயோரம் ஈரம். தலைமாட்டில் கோணல் பென்சில்கள். எல்லாவற்றிலும் முனை கடிபட்டு நைந்திருந்தது. ஒன்று பாக்கி இல்லை.

உலுக்கினேன். எழவில்லை. இன்னொரு தடவை உலுக்கினேன். கை துவண்டு விழுந்தது. என் வீட்டுக்காரர் நிலைப்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். உள்ளே வரவில்லை.

அக்கா என்னைத் தள்ளிவிட்டுப் பாப்பாவைத் தூக்கி நிமிர்த்தினார். கன்னத்தில் தட்டினார். பாப்பா முகத்தைச் சுளித்தாள். சிணுங்கினாள். கண்ணைத் திறந்து யாரென்று பார்த்தாள். பென்சிலக்காவை அவள் நேரில் பார்த்தது அன்றைக்குத்தான்.

"வாயைத் தொற."

திறந்தாள். அக்கா விரலை விட்டு நாக்கைத் தடவி, அந்த விரலைத் தன் வாயில் வைத்தார்.

"இதெல்லாம் யாரு கடிச்சது?"

"நான்தான்."

"முழுங்குனியா?"

பாப்பா என்னைப் பார்த்தாள். அடி விழும் என்று நினைத்தாள் போல. கையை மட்டும் நீட்டிச் சுவர் மூலையைக் காட்டினாள். அங்கே மென்ற பேப்பர் சிறுசிறு உருண்டையாகக் கிடந்தது. எல்லாம் துப்பினது.

"ஏன் துப்புன?" என்றார் அக்கா. அவர் குரல் எங்கோ கிணற்றுக்குள் இருந்து வந்தது.

"கசப்பு மட்டும் இல்ல. காசச் சப்புன மாதிரி இருந்துச்சு. ஒவ்வொண்ணாப் பாத்தேன். எல்லாமே காசு மாதிரிதான் இருந்துச்சு." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள். "அதான் இன்னைக்கு வேல இல்ல. எல்லாரும் வீட்டுக்குப் போங்கன்னு சொல்லிட்டேன்."

அக்கா அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டார். சிரித்தாரா அழுதாரா என்று எனக்குத் தெரியாது. முகத்தைத் தலைப்பால் மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. பிறகு அங்கேயே மறுபடி வாந்தி எடுத்தார்.

ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் பாப்பாவைச் சோதித்தார். வாயைக் கழுவச் சொன்னார். கொஞ்சநேரம் உட்காரவைத்துப் பார்த்துவிட்டு, ஒன்றும் இல்லை, கூட்டிப் போங்கள் என்றார். பிறகு அக்காவைப் பார்த்தார்.

"நீங்க என்ன சாப்பிட்டீங்க?"

"பென்சில்."

"எத்தனை வயசு உங்களுக்கு?"

 அக்காவைப் பெட்டில் படுக்கவைத்துக் குளுக்கோஸ் ஏற்றினார்கள். அன்றைக்கு அட்மிட் ஆனது அவர் ஒருத்தர்தான். பாப்பா கட்டில் ஓரத்தில் நின்று அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆஸ்பத்திரியை விட்டு வந்ததும் அக்கா காய்ந்த மொத்தச் சரக்கையும் கொட்டகைக்குப் பின்னால் குவிக்கச் சொன்னார். கடையில் போட்டால் ஆகும், பெரிய பிள்ளைகளுக்கு விற்கலாம் என்று ஒருத்தி சொன்னாள். அக்கா அவளைத் திரும்பிப் பார்த்தார். அவள் தீப்பெட்டி எடுக்கப் போய்விட்டாள்.

கொளுத்தினோம். பேப்பர்தானே, குப்பென்று பிடித்தது. நெருப்பு அங்கங்கே பச்சையாக எரிந்தது. அந்த நிறத்தில் நெருப்பை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.  புகை எங்கள் பக்கம் திரும்பியபோது எல்லோரும் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு தள்ளிப் போனோம்.

மேடத்திடம் அக்கா உள்ளதைச் சொன்னார். வேறு காரணம் சொல்லலாம் என்று நாங்கள் சொன்னோம். கேட்கவில்லை. மேடம் முகம் வெளுத்துப்போயிற்று. அந்தத் தடவை பிள்ளைகளுக்குக் கடைப் பென்சில்தான். சிவப்புப் பெயிண்ட் அடித்தது. அவரிடமிருந்து மறுபடி ஆர்டர் வர ரொம்ப நாள் ஆனது; அதுவரை இன்னொரு பள்ளிக்கூடத்தின் சின்ன ஆர்டர்தான் கை கொடுத்தது.

என் வீட்டுக்காரர் துத்தப் பொட்டலத்தை இடுப்பில் வைப்பதை விட்டுவிட்டார். பாப்பாவைத் தொடும் முன் கையைக் கழுவுவார். வேலைக்கே போகாத நாளிலும் கழுவுவார். தோல் உரிகிற மாதிரி தேய்ப்பார். போதும் என்று சொன்னால் இன்னொரு தடவை தேய்ப்பார்.

பாப்பா அந்த விளையாட்டை விடவில்லை. ஆனால் அதன் பிறகு விளையாடும்போது சிரிக்க மாட்டாள். இப்போது அவளுக்குக் குழந்தை இருக்கிறது. கிலுகிலுப்பை வாங்கினால் முதலில் அவள் கடிக்கிறாள். நான் ஒன்றும் சொல்வதில்லை.

நான் சொல்ல வந்தது அடுத்த ஏகாதசியைத்தான்.

அன்றைக்குப் பசை காய்ச்ச வேண்டும் என்று யாரும் நினைக்கவில்லை. உப்புத்தாளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அக்கா வந்தார். நெற்றியில் நாமம். முதல் நாள் ராத்திரியிலிருந்து பட்டினி என்று முகத்தில் தெரிந்தது. ஆஸ்பத்திரிக்குப் போய் வந்ததில் இன்னும் ஒல்லியாகி இருந்தார்.

"அடுப்பப் பத்த வை" என்றார் என்னிடம்.

என் கை ஆறியிருந்தது. வேப்பிலையை வேகவைத்தேன். மைதாவைக் கரைத்தேன். துடுப்புப் போட்டுக் கிண்டி இறக்கினேன். அவர் சட்டிக்கு முன்னால் குந்தினார்.

விரலை நீட்டினார்.

"அக்கா, இன்னைக்கு ஏகாதசி" என்றாள் பாண்டியம்மா. கேலி இல்லை. பயந்துதான் சொன்னாள்.

"பெருமாளுக்கும் தெரியும்" என்றார் அக்கா.

விரலை வாயில் வைத்தார். கண்ணை மூடினார். வெளியே லாரி ஹாரன் அடித்தது. வழக்கத்தைவிட நேரம் எடுத்தது. 

தொண்டை அசைந்தது.

அன்றைக்கு வேலை இருந்தது.